ஓடியதும் ஓட்டியதும்

என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பதினான்கு விநாடி வீடியோ ஒன்று இருக்கிறது. சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு இரும்புக் கை முன்னால் நீள்கிறது, கீழே இறங்குகிறது, ஆறு பாக்கெட்டுகளை ஒரு பெட்டிக்குள் தள்ளுகிறது, மேலேறித் தன் இடத்துக்குத் திரும்புகிறது. எங்கேயும் தயக்கம் இல்லை. அதைச் செய்தவன் நான்.

அப்போது தி. நகரில் வேலை. பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு துணி குடோனுக்கு மேல்மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து அடுத்தவர்களின் மெஷின்களை சாலிட்வொர்க்ஸில் வரைந்துகொண்டிருந்த சின்ன அலுவலகம். கஸ்டமர் வந்தார், வீடியோவைப் பார்த்தார், இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். “சூப்பர் தம்பி, ஓடுதே!” என்றார். ஆர்டர் கிடைத்தது. அன்று சாயங்காலம் முதலாளி எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து, ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், நிஜமான இரும்புக் கை மூன்றாவது வளைவில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கப் போன ஃபிட்டருக்கு வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போனது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “ஸ்கிரீன்ல நல்லா ஓடுச்சே சார்?” என்று மட்டும் கேட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்டதில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். “ரெஸ்ட் எடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆறு வருஷம் கழித்து இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

அந்த மெஷினை எளிமையாக விளக்கிவிடலாம். ஒரு கனமான தகட்டில் வளைந்து வளைந்து போகும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் ஒரு ரோலர். ரோலரோடு சேர்ந்து கை. பின்னாலிருந்து காற்றழுத்த சிலிண்டர் ஒன்று தள்ளும். சிலிண்டருக்கு நேராகத் தள்ள மட்டும்தான் தெரியும். எங்கே இறங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்பதைப் பள்ளம் சொல்லும். வழிநடத்தப்படும் இயக்கம் என்பது இதுதான்.

இதைத் திரையில் அசைத்துக் காட்ட ‘பாத் மேட்’ என்றொரு வசதி இருக்கிறது. வெளியில் தனியாக மிதக்கும் ஒரு பொருளுக்கு ஆறு சுதந்திரங்கள் உண்டு: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். ‘மேட்’ ஒவ்வொன்றும் அதில் ஒன்றிரண்டைப் பிடுங்கிக்கொள்ளும். பாத் மேட் என்பது, ‘இந்தப் புள்ளி இந்தக் கோட்டை விட்டு விலகக் கூடாது’ என்ற கட்டு. அதைப் போடும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். கோட்டின் மேல் அந்தப் புள்ளி எங்கே இருக்கலாம்? ‘ஃப்ரீ’ என்று சொன்னால், கோட்டை விட்டு விலகாது, ஆனால் கோட்டின்மேல் எங்கு வேண்டுமானாலும் போகலாம். யாராவது தள்ளினால் போகும், இல்லையென்றால் நிற்கும். இல்லை, ஆரம்பத்திலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று தூரமாகச் சொல்லலாம். அதுவும் இல்லையென்றால் சதவீதமாகச் சொல்லலாம்: 0 என்றால் ஆரம்பம், 100 என்றால் முடிவு.

நான் சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தேன். 0-விலிருந்து 100-க்கு பதினான்கு விநாடியில் போ என்று ஒரு மோட்டார் போட்டேன். போனது. போகாமல் எப்படி இருக்கும்? வழியில் என்ன இருந்தாலும் 43-க்குப் பிறகு 44 வரும்.

நிஜத்தில் அங்கே வேறொரு கணக்கு நடக்கிறது. தள்ளும் திசைக்கும் பள்ளம் போகும் திசைக்கும் நடுவே ஒரு கோணம் இருக்கிறது. கோணம் சின்னதாக இருந்தால் தள்ளுவதில் பெரும்பகுதி நகர்த்துவதற்குச் செலவாகும். கோணம் பெரிதாக ஆக, தள்ளுவதெல்லாம் ரோலரைப் பள்ளத்தின் சுவரோடு சேர்த்து அழுத்துவதற்கே போகும். இந்தக் கோணம் 30 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்பது பாடப்புத்தகம் சொல்லும் பொது விதி. என் மூன்றாவது வளைவில் 70 இருந்தது. சிலிண்டர் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு பலமாக அது மாட்டிக்கொள்ளும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீடியோவின் முதல் வடிவத்தில், அந்த மூன்றாவது வளைவில் கை லேசாக வெட்டி இழுத்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. சதவீத வரைபடத்தை அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக்கினேன். அழகாகிவிட்டது. இங்கே ஏதோ சரியில்லை என்று அந்த மாடல் என்னிடம் சொல்லக்கூடியதாக இருந்த ஒரே சைகை அது. அதை நான் வழவழப்பாக்கினேன்.

*

விசாரணை நடந்தது. ஃபிட்டர் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார். ஆனால் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றைத் திறந்துவிடவில்லை. மின்சாரம் நின்றால் காற்றின் அழுத்தம் போய்விடாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் ரோலர் விடுபட்டது, அடைபட்டிருந்த அழுத்தம் கையை ஒரே உதையாக முன்னால் தள்ளியது. ‘பாதுகாப்பு நடைமுறை பின்பற்றப்படவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். எழுதியதில் பொய் இல்லை. வீடியோவைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. என் பெயர் எங்கேயும் வரவில்லை.

முதலாளியிடம் ஒருநாள் சொன்னேன். “அட, அது அனிமேஷன்தானேப்பா. கஸ்டமருக்குப் புரியணும்னு செஞ்சது. அதுல ஒரு வார்த்தையாவது பொய் சொன்னோமா?” என்றார்.

இல்லைதான். வீடியோவில் வார்த்தையே இல்லை. அப்படியென்றால் எது உறுத்துகிறது?

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். மார்க்குக்காகப் படித்து மறந்திருப்பீர்கள், நானும் அப்படித்தான். நட என்பது தன்வினை, நடத்து பிறவினை. உருள், உருட்டு. திருந்து, திருத்து. ஓடு, ஓட்டு. செயல் தானாக நிகழ்கிறதா, இன்னொருவர் நிகழ்த்துகிறாரா என்பதைத் தமிழ் வினைச்சொல்லின் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. கஸ்டமர் சொன்னது “ஓடுதே.” ஃபிட்டர் கேட்டது “ஓடுச்சே.” இரண்டு பேரும் தன்வினையில் பேசினார்கள். நான் செய்தது பிறவினை. அது ஓடவில்லை, நான் ஓட்டினேன். ஓட்டியதை ஓடியதாகப் பார்க்க விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். மெட்ராஸ் பாஷையில் இதற்கு நேரடியாகவே ஒரு பெயர் உண்டு: படம் காட்டுறது.

வார்த்தையால் சொன்னால்தான் பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தப்பாக எடுத்துக்கொள்கிறார், அந்தத் தப்பு நமக்குச் சாதகமாக இருக்கிறது, திருத்தாமல் விடுகிறோம். இதற்கு வாயே திறக்க வேண்டியதில்லை. இன்று நம்மைச் சுற்றி நடக்கும் பல ஏமாற்றுகள் இந்த வகைதான் என்று தோன்றுகிறது. அதனால்தான் அவற்றைச் செய்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நானும் தூங்கினேன்.

*

சரி, அனிமேஷன் வேண்டாம், நிஜமான இயற்பியலோடு சிமுலேஷன் செய்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்குமா? அதே மென்பொருளில் மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படி அனிமேஷன், அதில் எடை கிடையாது. இரண்டாவது பேசிக் மோஷன், எடையும் புவியீர்ப்பும் மோதலும் தோராயமாக வரும். மூன்றாவது மோஷன் அனாலிசிஸ், அங்கே உராய்வு உட்பட எல்லாவற்றையும் கணக்கிடலாம். மோட்டாரைப் பாதையின் மேல் போடாமல் சிலிண்டரில் போட்டு, மூன்றாவது படியில் ஓடவிட்டிருந்தால், வளைவில் மாட்டுவது அநேகமாகத் திரையிலேயே தெரிந்திருக்கும்.

ஆனால் அங்கேயும் உராய்வு எண்ணை நான்தான் தட்டுகிறேன். 0.1 என்று போட்டால் ஓடும் ஒரு மெஷின் 0.3 என்று போட்டால் நிற்கலாம். கிரீஸ் காய்ந்த ஆறாவது மாதத்தில் எந்த எண் வரும் என்பதை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்காது. எந்த சிமுலேஷனிலும் எங்கேயோ ஒரு இடத்தில் நம் கை இருக்கத்தான் செய்கிறது.

கணினியில் வரையும் கலை பிறந்தபோதே இந்தக் கேள்வியும் பிறந்துவிட்டது. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் ஆய்வேட்டுக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலைச் செய்தார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடலாம். அந்தக் கோடுகளுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கலாம்: இது இதற்கு இணை, இதன் நீளம் மாறக் கூடாது. அதில் அவர் கம்பிகளை மூட்டுகளால் இணைத்து வரைந்து, ஒன்றை இழுத்தால் மற்றவை எப்படி நகர்கின்றன என்று பார்த்தார். அங்கே அவர் சொல்லிவைத்தது கம்பிகளின் நீளத்தையும் மூட்டுகளின் இடத்தையும்தான். பாதை அவற்றிலிருந்து பிறந்தது. நான் பாதையைக் கொடுத்தேன். அது பாதையில் போனது. இதில் நான் தெரிந்துகொள்ள எதுவுமே இல்லை.

ஆக, நேர்மையின் அளவுகோல் மாடலில் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்பதில் இல்லை. இந்த மாடலுக்கு ‘முடியாது’ என்று சொல்ல ஏதாவது ஒரு வழி வைத்திருக்கிறேனா என்பதில் இருக்கிறது. முடியாது என்று சொல்லவே வழியில்லாத ஒன்று ‘முடியும்’ என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டும் ஆளிடம் யோசனை கேட்ட மாதிரிதான் அது.

*

கட்டுப்படுத்துவதே தப்பு என்று சிலநாள் நினைத்துத் திரிந்தேன். அந்த நினைப்பு மாறியது அடையாறு ஐ.ஐ.டி. வளாகத்தில் உருவான ஒரு செயற்கை முழங்காலைப் பற்றிப் படித்தபோது. பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் ஆர்2டி2 ஆய்வு மையம், எஸ்.பி.எம்.டி., மொபிலிட்டி இந்தியா அமைப்புகளோடு சேர்ந்து 2022-இல் வெளியிட்டது. பெயர் ‘கதம்’. இந்தியில் காலடி என்று பொருள்.

சாதாரண செயற்கை முழங்கால் கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்கும். இது பல மையங்களில் மடங்குவது. இந்த வகை மூட்டுக்கு அடிப்படை, நான்கு கம்பிகளை நான்கு ஊசிகளால் இணைத்த ஒரு சட்டகம். இரண்டாம் வருஷ மெக்கானிக்கல் மாணவன் போடும் கணக்குதான்: ஒன்று அசையாமல் நின்றால் மிச்சம் மூன்று கம்பிகள், தளத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று சுதந்திரம், மொத்தம் 9. ஒவ்வொரு ஊசியும் இரண்டைப் பிடுங்கும், 8. மிச்சம் ஒன்று. அந்த ஒரே ஒரு சுதந்திரம்தான் மடங்குவது.

அதில் பள்ளம் இல்லை, தண்டவாளம் இல்லை. கால் எந்தப் புள்ளியைச் சுற்றி மடங்குகிறதோ அந்தப் புள்ளி நான்கு ஊசிகளில் எதிலும் இல்லை. மடங்க மடங்க அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேராக நிற்கும்போது அது பின்னால், உயரத்தில் இருக்கும். உடல் எடை அதற்கு முன்னால் இறங்குவதால் முழங்கால் திடீரென்று மடிந்துவிடாது. காலை வீசும்போது பாதம் கொஞ்சம் உயர்ந்து தரையில் தட்டாமல் போகும். 160 பாகை வரை மடங்கும் என்பதால் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏறி உட்கார முடியும்.

இதில் மோட்டார் கிடையாது. தள்ளுவது அணிந்திருப்பவரின் இடுப்பும் தொடையும். மூட்டு எவ்வளவோ கட்டுப்படுத்துகிறது, பக்கவாட்டில் போகாதே, முன்னால் மடியாதே என்று. ஆனால் எப்போது அடி எடுத்து வைப்பது, எந்தப் பக்கம் போவது, போவதா வேண்டாமா என்பது அவர் கையில். பாத் மேட்டின் மொழியில் சொன்னால் இது ‘ஃப்ரீ’. கோடு இருக்கிறது, சதவீதம் இல்லை. இப்படிப்பட்ட ஒரு மூட்டு திரையில் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை. செயற்கைக் கால்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10328 தரம் 30 லட்சம் முறை பாரம் ஏற்றி இறக்கிச் சோதிக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகும் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்து, “இங்க இடிக்குது” என்று சொல்ல வேண்டும்.

வழிநடத்துதல் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, போகக் கூடாத பக்கத்தை அடைப்பது. இன்னொன்று, 0-விலிருந்து 100 வரை தள்ளிக்கொண்டே போவது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்கு கோச்சிங் கிளாஸ் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அதில் என் அக்கா பையனும் உண்டு. “எல்லாம் நல்லா போயிட்டிருக்கு மாமா” என்கிறான். போகாமல் எப்படி இருக்கும், 43-க்குப் பிறகு 44. அவன் முகம் எங்கேயாவது லேசாக வெட்டி இழுத்தால், அதை வழவழப்பாக்கத்தான் நாங்கள் எல்லோரும் தயாராக இருக்கிறோம்.

*

கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேர். மறுநாள் அறுபத்துமூவர் என்பதால் கூட்டமெல்லாம் அன்றைக்குத்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தேரும் முக்கியம். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஆனால் எப்போதும் மேலேதான் பார்த்திருக்கிறேன். விபத்து நடந்த மறுவருஷம்தான் முதன்முதலாகக் கீழே, சக்கரத்தைப் பார்த்தேன்.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. வடம் பிடிப்பவர்கள் இழுப்பார்கள். அவ்வளவு பேருக்கும் பின்னால் சக்கரம் என்ன செய்கிறது என்று தெரியாது. தெற்கு மாட வீதியிலிருந்து ஆர்.கே. மடம் சாலைக்குத் திரும்ப வேண்டுமென்றால், சக்கரத்தோடு ஒட்டி நடக்கும் சில பேர் முட்டுக்கட்டையைக் கொடுப்பார்கள். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டையைச் சாய்த்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், அத்தனை பெரிய தேர் மெல்ல முகத்தைத் திருப்பும். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுவது என்றால் காரியத்தைக் கெடுப்பது. தேரில் அதுதான் வழிகாட்டுவது. கட்டை போடுபவர் தேரைத் தள்ளுவதில்லை. சரியான இடத்தில், சரியான கோணத்தில் ‘இந்தப் பக்கம் வேண்டாம்’ என்று சொல்கிறார், அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவருடைய கை சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. கணக்கு தப்பினால் முதலில் தெரிவது அவருக்கு.

பழசெல்லாம் புனிதம் என்று சொல்ல வரவில்லை. 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். கையும் கண்ணும் மட்டும் போதாது. திருவாரூர் ஆழித் தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சுகளும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது நல்ல காரியம். கணக்கும் வேண்டும், வரைபடமும் வேண்டும், சிமுலேஷனும் வேண்டும். நான் சொல்ல வருவது அந்த ஒரு முழத்தைப் பற்றி. தேரை வழிநடத்துபவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம். எனக்கும் என் இரும்புக் கைக்கும் நடுவே தி. நகரிலிருந்து அந்தத் தொழிற்சாலை வரைக்கும் தூரம் இருந்தது, அந்தத் தூரத்தில் ஒரு ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது வேறு இடத்தில் வேலை. நான் செய்யும் எந்த அனிமேஷனிலும் கீழே ஒரு வரி போடுகிறேன்: ‘இது ஓட்டிக் காட்டியது, ஓடிப் பார்த்தது அல்ல.’ மார்க்கெட்டிங்காரர்களுக்குப் பிடிப்பதில்லை, இரண்டு முறை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முறை எடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அந்த ஃபிட்டருக்கு போன் செய்தேன். எண் மாறவில்லை. வேறு கம்பெனியில் இருக்கிறார், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த வீடியோவில் மெஷின் ஓடவில்லை, நான் ஓட்டினேன், மூன்றாவது வளைவில் உதறியதை நான்தான் மறைத்தேன் என்று.

“கம்ப்யூட்டர்ல எல்லாம் ஓடும் சார், அது எனக்குத் தெரியாதா?” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. “ஆனா ட்ரையல் அன்னிக்கு நீங்க வந்து பக்கத்துல நின்னுருக்கலாம். அந்த வளைவு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்ண்ணே” என்றேன்.

“அதான். வேற ஒண்ணும் இல்ல” என்றார்.